எரியாத விளக்கு சிவப்பு விளக்கு

நேசகுமார் தன் மனைவிக்கு டிரைவராகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. சம்பளமும் இல்லை, பேச்சும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பழைய வெள்ளைக் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார். டெபோரா பைபிளும் பாட்டுப் புத்தகமும் வைத்த பையோடு வருவாள். முன் கதவைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்ப் பின் கதவைத் திறந்து, அவருடைய தலைக்கு நேர் பின்னால், கண்ணாடியில்கூட முகம் படாத இடமாகப் பார்த்து உட்காருவாள். சபை வாசலில் இறங்கும்போது யாராவது ஒருவர் கேட்காமல் விடமாட்டார்.

"இன்னா சார், ரிட்டயர் ஆனதும் டாக்ஸி ஓட்டறீங்களா?"

நேசகுமார் சிரித்து வைப்பார். உள்ளுக்குள் சுருக்கென்று குத்தும்.

அவர் அரக்கோணத்தில் ரயில் டிரைவராக இருந்தவர். சரக்கு வண்டியில் தொடங்கி எக்ஸ்பிரஸ்வரை ஓட்டி, ஒரு கறுப்புப் புள்ளிகூட வாங்காமல் ஓய்வு பெற்றவர். ஆனால் ரயில் டிரைவருக்கு ஒரு வசதி உண்டு. வழியை அவர் தேட வேண்டியதில்லை. எந்தத் தண்டவாளத்தில் போக வேண்டும் என்பதை வேறு யாரோ எங்கோ உட்கார்ந்து முடிவு செய்துவிடுவார்கள். இவர் வேலை விளக்கைப் பார்ப்பது, பார்த்ததைச் சத்தமாகச் சொல்வது. இன்ஜினில் கூட இருக்கும் உதவி டிரைவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "பச்சை!" என்றால் "பச்சை!" "மஞ்சள்!" என்றால் "மஞ்சள்!" இப்படிச் சொல்லிச் சொல்லியே ஒரு ஆயுசை ஓட்டியவர், ஓய்வு பெற்றதும் ஒரு பழைய கால் டாக்ஸியைச் சென்னையிலிருந்து வாங்கிவந்தார். சபைக்கும் கல்யாணத்துக்கும் சாவு வீட்டுக்கும் எப்போதாவது எடுக்கத்தானே என்று வாங்கினார். நாலு ரோடு கூடும் இடத்தில் நின்றால் எது தன் ரோடு என்று அவருக்குச் சத்தியமாகத் தெரியாது.

டெபோராவுக்கு எல்லா வழியும் தெரியும். ஆனால் அவளிடம் வேறொரு பழக்கம் இருந்தது. திருத்தணி சபையின் பாடகர் குழுவைக் கல்யாணமான நாளிலிருந்து நடத்துகிறவள் அவள். குழுவுக்கு முன்னால் நின்று வாயைத் திறந்து 'இப்போது ஆரம்பியுங்கள்' என்று யாராவது சொல்வார்களா? கையைக் காட்டுவாள். கை உயர்ந்தால் உச்சம், தாழ்ந்தால் அடக்கம், விரலை மடித்தால் நிறுத்தம். காரிலும் அதே கைதான். "இந்தாண்ட" என்று முனகிக்கொண்டே மடிக்குப் பக்கத்தில் கையை மெல்லத் திருப்புவாள். ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காத டிரைவருக்கு அந்தக் கை எப்படித் தெரியும்?

தெரியாததால்தான் அந்த வினை நடந்தது. டெபோராவின் தங்கை லோயிஸ், ஆந்திரப் பக்கம், நகரிக்கு அப்பால் மாந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன ஊரில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய பேரனுக்கு ஞானஸ்நானம். இவர்கள் ஒவ்வொரு திருப்பத்தையும் தாண்டித் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடி தாண்டி, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது குழந்தையின் தலை காய்ந்துவிட்டிருந்தது. பந்தியில் இலையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் இவர்களையே பார்த்தார்கள். நேசகுமாருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"வழி சொல்லத் தெரியாதவளை இட்டுகினு வந்தா இப்படித்தான்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

திரும்பும்போது டெபோரா பின் சீட்டில் ஏறினாள். அன்றைக்கு ஏறியவள்தான்.

வீட்டுக்குள் சோறு போடுவாள், மாத்திரை எடுத்துக் கொடுப்பாள், சென்னையிலிருந்து மகள் ப்ளெஸ்ஸி போன் செய்தால் ஸ்பீக்கரில் போடுவாள். எல்லாம் இருந்தது. காரில் ஏறினால் மட்டும் ஊமை. பக்கத்து சீட்டு காலியாகக் கிடப்பது நேசகுமாருக்கு என்னவோ போல் இருந்தது. உதவி டிரைவர் இல்லாமல் அவர் ஒரு நாளும் வண்டி எடுத்ததில்லை. அதைவிடப் பெரிய விஷயம், அவளில்லாத பக்கம் அவருக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான். அதை அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

இந்த நிலைமையில் லோயிஸ் புது வீடு கட்டி முடித்துவிட்டாள். பிரதிஷ்டை ஜெபம் காலை பத்து மணிக்கு. ரிப்பனை அக்காதான் வெட்ட வேண்டும், முதல் பாட்டையும் அக்காதான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று போனில் உத்தரவு. டெபோரா போனை வைத்துவிட்டு, புருஷனைப் பார்க்காமல் ஃபிரிட்ஜைப் பார்த்துச் சொன்னாள்.

"இந்தத் தடவையும் லேட்டாச்சின்னா, இனிமே நான் எங்க போறதா இருந்தாலும் பஸ்ஸுதான். அந்தக் கார்ல கால வைக்க மாட்டேன்."

ஃபிரிட்ஜ் பதில் சொல்லவில்லை. நேசகுமார் கணக்குப் போட்டுப் பார்த்தார். பின் சீட்டாவது இருக்கிறது. பஸ் என்று ஆகிவிட்டால் அதுவும் போயிற்று. மறுநாளே அவர் கார் சாமான் விற்கும் கதிரவனின் கடைக்குப் போனார்.

கதிரவன் ஆர்.கே.பேட்டைக்காரன். வீட்டில் எல்லோரும் தறி ஓட்ட, இவன் மட்டும் கார் சீட்டுக்கு உறை தைக்கக் கற்றுக்கொண்டு, அப்படியே கடை போட்டவன்.

"வழி சொல்றதுக்கு ஒரு ஜி.பி.எஸ். வேணும்பா. விலை ஜாஸ்தி இல்லாம."

"எதுக்கு சார்? போன்லயே வருதே."

"வண்டில ஏறினா போனை அணைச்சிடுவேன்."

"ஏன் சார்?"

"இன்ஜின்ல போன் ஆன்ல இருக்கக் கூடாது. அது ரூலு."

இது இன்ஜின் இல்லையே என்று கதிரவன் சொல்ல வாயெடுத்தான். அவர் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு மூன்று பெட்டிகளை எடுத்து மேசையில் வைத்தான்.

முதலாவது டி.வி. அளவுக்கு இருந்தது. பாட்டுப் பாடும், பின்னால் வருகிறவனைப் படம் பிடிக்கும், ஒயரே இல்லாமல் நாள் முழுக்க ஓடும். "இது உங்களுக்கு வேணாம் சார். தினம் ஓட்டறவனுக்குத்தான் இது. நீங்க எப்பவாச்சும் எடுக்கற ஆளு, பணம்தான் தண்டம்" என்று கதிரவனே அதை ஒதுக்கிவிட்டான். இரண்டாவதையும் மூன்றாவதையும் ஓட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன் என்றார் நேசகுமார். கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கதிரவன் காரில் ஏறினான். அன்றைக்குக் கிருத்திகை வேறு. மலைக்குப் போகும் காவடிக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது பெட்டி இந்தியில் பேசியது. அதுகூடப் பரவாயில்லை. திருப்பத்துக்கு வந்த பிறகுதான் திரும்பச் சொன்னது.

"இது வேணாம்" என்றார் நேசகுமார். "சிவப்பு வர்றதுக்கு முன்னாடி மஞ்சள் காட்டணும். கிட்ட வந்தப்புறம் சொல்றதுக்கு எனக்கு வீட்லயே ஆள் இருக்கு."

மூன்றாவது உள்ளங்கை அளவுதான். அதற்குள் ஒரு பெண் இருந்தாள், செய்தி வாசிக்கிற தமிழில் பேசினாள். "ஐந்நூறு மீட்டரில் வலப்புறம் திரும்பவும்" என்று முன்கூட்டியே எச்சரித்தாள். கிட்டே வந்ததும் இன்னொரு தடவை நினைவுபடுத்தினாள்.

"வலப்புறம் திரும்பவும்!" என்று நேசகுமார் கத்தினார். கதிரவன் சீட்டில் துள்ளிவிட்டான்.

"என்னா சார் ஆச்சு?"

"அவ சொன்னா நான் திருப்பிச் சொல்லணும்ல? அப்பத்தான் காதுல விழுந்துச்சின்னு அர்த்தம்."

"அதுக்குக் காது கேக்காது சார்."

"எனக்குக் கேக்குதே" என்றார் நேசகுமார். கடைக்குத் திரும்பும்வரை அவள் சொன்ன ஒவ்வொன்றையும் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னார். நீண்ட நாளைக்குப் பிறகு வண்டி ஓட்டுவது அவருக்குச் சுகமாக இருந்தது.

கதிரவன் நேர்மையானவன், குறையையும் சொன்னான். "பழைய ஸ்டாக் சார். உள்ள இருக்கற பேட்டரி செத்துப் போச்சு. ஒயர்ல இருந்தாத்தான் உயிர். ஒயரைப் புடுங்கினா அந்த நிமிஷமே இருட்டு." அதோடு, அந்தக் காரில் முன்பக்க சாக்கெட் வேலை செய்யவில்லை. டாக்ஸியாக ஓடிய காலத்தில் சவாரிக்கு வருகிறவர்கள் போனுக்குச் சார்ஜ் போட, பின் சீட்டுக்காரர்களின் முழங்காலுக்கு நேராக ஒரு சாக்கெட் வைத்திருந்தார்கள். அது மட்டும் நன்றாக இருந்தது. கதிரவன் ஒரு நீளமான ஒயரைப் போட்டு, இரண்டு முன் சீட்டுகளுக்கும் நடுவே விட்டுப் பின்னால் கொண்டுபோய்ச் சொருகினான். "கால்ல படாம பாத்துக்கச் சொல்லுங்க சார்" என்றான்.

டெபோரா அன்று சாயங்காலம் காருக்குள் தலையை நீட்டிப் பார்த்தாள். கண்ணாடிக்குக் கீழே, டிரைவர் கண்ணுக்கு நேரே பெட்டி குந்தியிருந்தது. நேசகுமார் பெருமையோடு போட்டுக் காட்டினார்; ஒயர் கழன்றால் பெட்டி அணைந்துவிடும், காலில் படாமல் பார்த்துக்கொள் என்றும் சொல்லிவைத்தார். "வடக்கு நோக்கிச் செல்லவும்" என்றாள் பெட்டிக்காரி. "வடக்கு நோக்கிச் செல்லவும்!" என்றார் இவர். டெபோரா புருஷனை ஒரு தரம், பெட்டியை ஒரு தரம், பின்னால் ஓடும் ஒயரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு ரசத்தில் உப்பு இல்லை.

பிரதிஷ்டை நாளும் வந்தது. டெபோரா பட்டுப்புடவையும் மடியில் தங்கைக்குப் பரிசாக வாங்கிய குக்கருமாகப் பின் சீட்டில் ஏறினாள். நேசகுமார் போனை அணைத்தார், பெட்டியை உயிர்ப்பித்தார், கிளம்பினார். வண்டி அருமையாகப் போயிற்று. எல்லையைத் தாண்டியது, நகரியைத் தாண்டியது, பெரிய ரோட்டை விட்டு இறங்கியது. பெட்டிக்காரி சொல்லச் சொல்ல இவர் திருப்பிச் சொன்னார். "இடப்புறம் திரும்பவும்!" "நேராகச் செல்லவும்!" குரலில் அப்படியொரு பணிவு. இடையில் ஒரு முறை "ஆங், சரிம்மா" என்றுகூட வாய் தவறி வந்துவிட்டது. பின்னாலிருந்து குக்கர் மூடி மட்டும் ணங்கென்று ஒரு சத்தம் போட்டது.

மாந்தோப்புகள் தொடங்கின. ரோடு குறுகியது. திடீரென்று பெட்டி இருண்டது.

நேசகுமாரின் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. கார் நடு ரோட்டில் நின்றது.

ரயிலில் இதற்கு ஒரு விதி உண்டு. எரிய வேண்டிய இடத்தில் விளக்கு எரியவில்லை என்றால் அதைச் சிவப்பு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். நின்றுவிட வேண்டும். நேசகுமாருக்கு அது விதி மட்டும் அல்ல, ரத்தம். வீட்டில் கரண்ட் போனால்கூட, கையில் காபியோடு நடந்துகொண்டிருப்பவர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார், டெபோரா வந்து டார்ச் அடிக்கும்வரை. பணியில் இருந்தபோது அவ்வப்போது விதிகளைப் பற்றி ரயில்வேயில் பரீட்சை வைப்பார்கள். அப்போதெல்லாம் டெபோராதான் ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் விதிப் புத்தகமுமாக நின்று அவரைக் கேள்வி கேட்டுத் தயார் செய்வாள்.

பின்னால் ஒரு டிராக்டர் வந்து நின்றது. டிராக்டர்காரன் தெலுங்கில் அன்பாக ஆரம்பித்து அன்பில்லாமல் முடித்தான். நேசகுமார் அசையவில்லை. மணி ஆகிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் போயிற்று, இனிமேல் பஸ்தான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனாலும் கால் பிரேக்கை விட்டு எழவில்லை.

"பின்னாடி ஒயரு சரியா இருக்கா, பாரேன்" என்றார் கெஞ்சலாக.

"ஒயரைப் பத்தி எனக்கு இன்னா தெரியும்?" என்றது பின் சீட்டு.

அந்தப் பதிலே பெரிய வரவு. காரில் அவள் பேசிவிட்டாள். நேசகுமார் அதைப் பிடித்துக்கொண்டார்.

"விளக்கு அணைஞ்சிருச்சு டெபோரா. நான் எப்படிப் போறது?"

"அந்தப் பொட்டி சொன்னதையெல்லாம் ஒண்ணு விடாம திருப்பிச் சொல்லிகினு வந்தீங்களே, அதையே கேளுங்க. இத்தினி வருஷம் நான் சொன்னதுல ஒண்ணையாச்சும் திருப்பிச் சொல்லியிருக்கீங்களா?"

"நீ எங்க சொன்ன? கையைத்தானே காட்டுன?"

"ஊரே என் கையைப் பாத்துப் பாடுது. கட்டினவருக்கு மட்டும் கண்ணு தெரியலையா?"

"நான் ரோட்டைப் பாக்கறேன்மா. ரோட்டுக்கு நேரா கையைக் காட்டினாத்தானே எனக்குத் தெரியும்?"

இத்தனை வருஷமும் அவள் கையால் காட்டிக்கொண்டிருந்ததும் இவர் காதால் கேட்கக் காத்துக்கொண்டிருந்ததும் இரண்டு பேருக்குமே அந்த மாந்தோப்பு ரோட்டில்தான் உறைத்தது. டிராக்டர்காரன் மறுபடி ஹாரனை அழுத்தினான்.

"விளக்கு செத்துட்டா ரூலு இன்னாங்க?" என்று டெபோரா கேட்டாள். அடுப்படியில் புத்தகத்தோடு நின்று கேட்ட அதே குரல்.

நேசகுமார் பரீட்சைக்குப் படித்த பையனாக ஒப்பித்தார். "ஒரு ஆள் டிரைவர் கண்ணுக்கு முன்னாடி நின்னு கை காட்டணும். அதைப் பாத்துத்தான் வண்டி எடுக்கணும்."

"முன்னாடியா?"

"ஆங். முன்னாடிதான்."

பின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பட்டுப்புடவை காரைச் சுற்றிக்கொண்டு வந்தது. முன் கதவு திறந்தது. டெபோரா உட்கார்ந்து, குக்கரைக் காலடியில் வைத்து, இருண்டு கிடந்த பெட்டியின் மேல் முந்தானையால் ஒரு மூடு போட்டாள். பிறகு கண்ணாடிக்கு நேராக, ரோடு தெரியும் இடத்திலேயே, கையை உயர்த்தினாள். பாட்டு தொடங்கும்போது உயர்த்துவாளே, அந்த உயர்த்தல்.

"நேரா!" என்றார் நேசகுமார்.

"நேரா!" என்றாள் டெபோரா.

வண்டி நகர்ந்தது. அடுத்த "வலது!" சந்தோஷத்தில் உடைந்த குரலில்தான் வந்தது. அவளும் கேட்டிருப்பாள். கேட்காதவள் போலக் கையைத் திருப்பி, "வலது!" என்று கூடக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். மடக்கிய விரல், நிமிர்த்திய விரல், மெதுவாக என்று தாழ்ந்த உள்ளங்கை, எல்லாம் அவருக்குப் புரிந்தது. பாடகர் குழு ஏன் அவளுக்கு அப்படிப் பயப்படுகிறது என்பதும் புரிந்தது.

ரிப்பன் கட்டி முடிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். லோயிஸ் ஓடிவந்தாள். தெலுங்கு ஊரில் வாழ்ந்து வாழ்ந்து, அக்கா புருஷன் அவளுக்குப் 'பாவா' ஆகியிருந்தார்.

"பாவா! இன்னிக்கு எப்படி இவ்ளோ சீக்கிரம்?"

நேசகுமார் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஞானஸ்நானத்துக்கு வந்திருந்த அதே ஜனம்தான் சுற்றி நின்றது. "உங்க அக்கா வழி சொன்னா, வந்துட்டோம். அன்னிக்கும் அவ சரியாத்தான் சொன்னா. நான்தான் பாக்கலை" என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. டெபோரா ரிப்பனை வெட்டினாள். முதல் பாட்டை வழக்கத்தைவிட அரைக் கட்டை உயரத்தில் எடுத்தாள். கூடப் பாடியவர்கள் திணறிப்போனார்கள்.

பிரியாணி முடிந்ததும் லோயிஸின் கணவன் இஸ்ரேல் காரைப் பார்க்க வந்தான். அவனும் ஒரு ஜி.பி.எஸ். வாங்குவதாக இருந்தான். "வழியில நின்னுபோச்சாமே அண்ணே? இன்னா கோளாறு?"

"பேட்டரிப்பா. பழைய சாமான்" என்று சொல்லிக்கொண்டே நேசகுமார் பின் கதவைத் திறந்து குனிந்தார்.

சாக்கெட்டில் ஒயர் இல்லை. காலில் பட்டுக் கழன்றிருந்தால் கீழே கிடந்திருக்கும். கிடக்கவில்லை. சீட்டின்மேல் அழகாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. உள்ளங்கையைச் சுற்றி எட்டுப் போல மடித்து, நுனியை நடுவில் நுழைத்து ஒரு முடிச்சு. ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் மைக் ஒயரை யாரையும் தொடவிடாமல் ஒருத்திதான் இப்படிச் சுற்றி முடிச்சுப் போடுவாள்.

நேசகுமார் குனிந்தபடியே இருந்தார். பிடுங்கினால் இருட்டாகும், இருட்டானால் நின்றுவிடுவார், நின்றால் முன்னால் ஒரு ஆள் வேண்டும். மூன்றும் அவளுக்குத் தெரியும். அவரைவிட நன்றாகவே தெரியும். அவராக வந்து 'முன்னாடி உட்காரு' என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எத்தனை நாள் பார்த்துப் பார்த்துச் சலித்தாளோ, கடைசியில் விதிப் புத்தகத்தைக் கொண்டே அவரைச் சொல்ல வைத்துவிட்டாள். அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. முடிச்சைப் பிரிக்காமல் ஒயரை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

டெபோரா லோயிஸிடம் விடைபெற்றுக்கொண்டு வந்தாள். நேராக முன் கதவுக்கு வந்து நின்றாள்.

"இன்னாங்க, பொட்டி சரியாச்சா?"

"இல்ல. மலிவு சாமான்தானே."

"அதான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

இஸ்ரேல் விடவில்லை. ஜன்னலோரம் வந்து குனிந்தான். "அப்போ நான் எதைத்தான் வாங்கறது அண்ணே? நல்லதா, ஒயரே இல்லாம நாளெல்லாம் ஓடற மாதிரி பெருசா வாங்கிடட்டுமா?"

"அந்தத் தப்பை மட்டும் பண்ணிடாதே" என்றார் நேசகுமார், சாவியைத் திருப்பிக்கொண்டே. "இருக்கறதுலயே மலிவானதா பாரு. பேட்டரி செத்ததா இருக்கணும். முக்கியமா, ஒயரு பின் சீட்டு வரைக்கும் வரணும்."

இஸ்ரேலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. டெபோரா சட்டென்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுடைய காது சிவந்துபோயிருந்தது. கண்ணாடிக்கு நேராகக் கை மட்டும் மெல்ல உயர்ந்தது.

"நேரா!" என்றார் நேசகுமார்.